நாற்பத்து மூன்று பேட்ஜும் ஒரு பட்டாம்பூச்சியும்

டர்ர்ர்ர்... டர்ர்... டக்.

உள் அறையிலிருந்து தையல் மிஷின் சத்தம் வந்தது. கூடத்தில் முக்காலி போட்டு ஷூவுக்குப் பாலிஷ் தேய்த்துக்கொண்டிருந்த பக்தவத்சலத்தின் கை அந்தரத்தில் நின்றது. அந்த மிஷின் இந்த நேரத்தில் ஓடவேண்டிய அவசியமே இல்லை. ஞாயிற்றுக்கிழமை, மணி பத்தேகால். பதினோரு மணிக்கு சாரணர் வட்டார அலுவலகத்திலிருந்து சீருடை சோதனைக்கு ஆள் வரப்போகிறார்கள். இப்படிப்பட்ட நாளில் ஒரு வீட்டில் ஊசி, கத்தரி, நூல் எதுவும் அசையக் கூடாது என்பது அவர் கொள்கை.

"சுலோ, இன்னா தைக்கிற?"

"ஒண்ணுமில்லீங்க. முடிஞ்சுது!"

அந்த "முடிஞ்சுது"வில் வழிந்த சந்தோஷம்தான் அவரை முக்காலியிலிருந்து எழுப்பியது. இருபத்தெட்டு வருஷத் தாம்பத்தியத்தில் சுலோசனா இதே குரலில் இரண்டு முறைதான் பேசியிருக்கிறாள். ஒரு முறை அவருடைய ரேஷன் கார்டைச் சேர்த்துத் துவைத்துவிட்டு. இன்னொரு முறை வீட்டுக்கு அவரைக் கேட்காமல் ரோஸ் கலர் பெயிண்ட் அடித்துவிட்டு.

ஒரு காலில் ஷூவும் ஒரு காலில் வெறும் சாக்ஸுமாக உள்ளே ஓடினார்.

சுலோசனா இரண்டு கைகளாலும் அவருடைய மெரூன் ஜாக்கெட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் முழுக்கச் சிரிப்பு.

"எப்டிக் கீது?"

பக்தவத்சலம் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

அந்த ஜாக்கெட்டைப் பற்றிச் சொல்லாமல் பக்தவத்சலம் என்ற மனிதரைப் பற்றிச் சொல்ல முடியாது. கள்ளிக்குப்பத்தில் அவரை "ஸ்டோர் கீப்பர்" என்று கூப்பிட்டால் நாலு பேருக்குத்தான் தெரியும். அம்பத்தூர் எஸ்டேட்டில் வால்வு செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் முப்பத்திரண்டு வருஷமாக ஸ்டோர் சாவி அவர் இடுப்பில்தான் இருக்கிறது. ஆனால் "பேட்ஜ் பக்தவத்சலம்" என்று கேட்டுப் பாருங்கள், ஆட்டோக்காரர் இறங்கி வந்து வீட்டைக் காட்டுவார். எட்டு வயதில் சாரணர் ஸ்கார்ஃபைக் கழுத்தில் கட்டியவர் ஐம்பத்தாறு வயதிலும் கழற்றவில்லை. கல்யாணத்தன்று மாலைக்குள்ளே அதுதான் இருந்தது என்று அவருடைய மாமியார் சாகும்வரை சொல்லிச் சொல்லி அழுதாள்.

சாம்பல் நிறச் சட்டைதான் சீருடை. அதில் சம்பாதித்த சின்னங்களை மட்டும்தான் தைக்கலாம், அதற்கும் அளவு உண்டு, இடம் உண்டு. முகாமுக்குப் போய்வந்த நினைவாகக் கொடுக்கும் துணிப் பேட்ஜுகளைச் சட்டையில் தைக்கக் கூடாது. அதற்கென்றே அந்தக் கனத்த மெரூன் ஜாக்கெட். முகாமில் ராத்திரி நெருப்பு மூட்டிப் பாடும்போது சட்டைக்கு மேலே போட்டுக்கொள்வார்கள். அதற்கும் வட்டாரத்தில் வழிவழியாக மூன்று சட்டம் உண்டு. மூன்று ராத்திரியாவது முகாமில் தங்கியவனுக்குத்தான் பேட்ஜ். ஒருவன் பேட்ஜை இன்னொருவன் போடக் கூடாது. யாராவது ஒரு பேட்ஜைத் தொட்டுக் கேட்டால் அதன் கதையைச் சொல்லத் தெரிய வேண்டும், தெரியாவிட்டால் அங்கேயே பிரித்தெடுத்துவிட வேண்டும்.

பக்தவத்சலத்தின் ஜாக்கெட்டில் நாற்பத்து மூன்று பேட்ஜுகள். வருஷ வரிசையில், இடது தோளில் ஆரம்பித்து முதுகைச் சுற்றி வலது பாக்கெட்டில் முடியும். கண்ணை மூடிக்கொண்டு விரலை வைத்தால் வருஷம் சொல்வார், மாசம் சொல்வார், அன்றைக்குச் சாம்பாரில் உப்பு இருந்ததா என்றுகூடச் சொல்வார்.

அந்த வரிசை இப்போது இல்லை.

முதுகு நடுவில் வட்டமாக மஞ்சள் பேட்ஜுகள். அதைச் சுற்றிப் பச்சை. அதைச் சுற்றிச் சிவப்பு. நாலு மூலைக்கும் நாலு நீலம். மார்கழி மாசத்துப் பெரிய கோலம் ஒன்று எழுந்து நின்று ஜாக்கெட் போட்டுக்கொண்ட மாதிரி இருந்தது.

"சுலோ..." என்றார்.

"பாச்சை உருண்டை நாத்தம் குடலைப் பொரட்டுது. வர்றவங்க மூக்கைப் பொத்திக்கினா உங்களுக்குத்தானே அசிங்கம்? வியாழக்கிழமை நீங்க வேலைக்குப் போனதும் ஊற வச்சேன். சாயம் போவுமேன்னு எல்லாத்தையும் பிரிச்சிட்டேன். அப்பால பார்த்தா எது எங்க இருந்துச்சுன்னு ஞாபகமில்ல. சரி, கலர் பார்த்து அழகா வைப்போம்னு..."

அவர் ஜாக்கெட்டை வாங்கித் திருப்பினார். முன்பக்கம். இடது மார்பு. நெஞ்சுக்கு நேர் மேலே.

அங்கே ஒரு பட்டாம்பூச்சி உட்கார்ந்திருந்தது.

ஊதா நிறம். சிறகில் ஜிகினா. ஜன்னல் வெளிச்சம் பட்டதும் பளிச் பளிச்சென்று கண்ணடித்தது.

"இது... இது எங்கேர்ந்து வந்துச்சு?"

சுலோசனாவின் சிரிப்பு மறைந்தது. முந்தானையை விரலில் சுற்றினாள். கண்ணில் குபுக்கென்று தண்ணீர்.

"திட்டாதீங்க. அங்க இருந்த பேட்ஜைத் தண்ணியில வுட்டுட்டேங்க. ஒண்ணு குறையுது. அந்த எடம் மட்டும் ரவுண்டா, வெளுப்பா, காலியா கீது. வெள்ளிக்கிழமை பூரா சாக்கடை மூடியைத் தூக்கிட்டுக் கைய வுட்டுத் தேடினேன். பக்கத்து ஊட்டு எழிலரசி கூட 'இன்னாக்கா, தோடு வுழுந்துட்ச்சா'ன்னு கேட்டா. கெடைக்கல. அதான் ஓ.டி. பஜாருக்குப் போயி ஃபேன்சி ஸ்டோர்ல முப்பது ரூபா குடுத்து இத்த வாங்கியாந்து..."

"அங்க பேட்ஜே இல்ல சுலோ."

"ஆங்?"

"எப்பவுமே இல்ல. அந்த எடம் காலியாத்தான் இருந்துச்சு. நானா வுட்டது."

"எதுக்கு?"

இங்கேதான் பக்தவத்சலம் தன் வாழ்க்கையின் மிகப் பெரிய தப்பைச் செய்தார். உண்மையைச் சொன்னார்.

தொண்ணூற்றேழாம் வருஷம் ஏற்காட்டில் பெரிய முகாம். மாநிலம் முழுக்கச் சாரணர்கள் கூடிய முகாம். பக்தவத்சலம் பெட்டி கட்டி, கூடாரம் சுருட்டி, ரயில் டிக்கெட்டைப் பையில் வைத்துவிட்டார். கிளம்புகிற காலையில் அவருடைய அப்பா பூந்தமல்லியில் ஒரு பெண்ணைப் பார்க்கப் போக வேண்டும் என்று வாசலில் குறுக்கே நின்றார். ரயில் ஏற்காட்டுப் பக்கம் போயிற்று. பக்தவத்சலம் பூந்தமல்லிக்குப் போனார். கேசரி சாப்பிட்டார். அந்த முகாமின் பேட்ஜுக்காக நெஞ்சுக்கு மேலே விட்ட வட்டத்தை அப்படியே வைத்திருந்தார். எத்தனை முகாம் போனாலும் அந்த இடத்தில் வேறு எதையும் தைக்கவில்லை. இத்தனை வருஷத்துக்குப் பிறகு ஏற்காட்டில் மறுபடி அதே பெரிய முகாம். வட்டாரத்திலிருந்து ஒரே ஒருவர்தான் தலைவராகப் போகலாம். ஒன்று அவர், இல்லாவிட்டால் காட்டுப்பாக்கம் பரந்தாமன். யார் என்பதை இந்தச் சீருடை சோதனைதான் முடிவு செய்யும். இந்த முறை விட்டால் அடுத்ததற்குள் வயசு வரம்பு தாண்டிவிடும். அந்த இடம் சாகும்வரை காலிதான்.

சுலோசனா கேட்டுக்கொண்டே நின்றாள். அவளுக்குக் கோபம் வந்தால் "நீங்க" போய் "நீ" வந்துவிடும்.

"அப்போ அந்த ஓட்டை நானா?"

"ஓட்டைன்னு இல்ல சுலோ..."

"என்னைப் பாக்க வந்ததுக்கு நெஞ்சுல ஒரு ஓட்டை வச்சிகினு இருவத்தெட்டு வருஷமா ஊரெல்லாம் சுத்தியிருக்கிற! அத்தத் தேடி நான் சாக்கடையில கைய வுட்டிருக்கிறேன்!"

"அத்தப் பிரிச்சுக் குடு, மணி ஆவுது..."

"ரெட்டைத் தையல் போட்டிருக்கிறேன். பிளேடு போட்டா துணி கிழியும். தொட்டே, அவ்வளவுதான்!"

அடுத்த கணம் அவள் சமையலறையில் இருந்தாள். டமார் என்று ஒரு தட்டு விழுந்தது. அது விழுந்ததல்ல, வைக்கப்பட்டது என்பது இருபத்தெட்டு வருஷம் குடித்தனம் நடத்தியவருக்குத் தெரியும்.

பக்தவத்சலம் பிளேடைத் தேடி மேஜை டிராயரைத் திறந்தார். காலிங் பெல் அடித்தது. மணி பத்தே நாற்பது. வந்தவர் இருபது நிமிஷம் முன்னாலேயே வந்துவிட்டார்!

சீருடைச் சட்டைக்கு மேல் ஜாக்கெட்டை மாட்டினார். சித்திரை மாசத்து அம்பத்தூர் வெயிலில், கம்பளிக்கு அண்ணன் மாதிரி இருக்கும் அந்தத் துணிக்குள் நுழைவது எப்படி இருக்கும் என்பதை எழுத்தில் கொண்டுவர முடியாது. வலது கையை நெஞ்சின் மேல் வைத்துப் பட்டாம்பூச்சியை மூடினார். கதவைத் திறந்தார்.

வாசலில் தாட்சாயிணி. முப்பத்து நாலு வயசு. தென்காசிப் பக்கத்துப் பெண், வானகரத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு, ஐ.டி. வேலை. வாரத்தில் ஐந்து நாள் கம்ப்யூட்டரில் பிழை கண்டுபிடிப்பாள், மீதி இரண்டு நாள் சாரணர் சட்டையில் பிழை கண்டுபிடிப்பாள். தோள்பையிலிருந்து ஒரு ஸ்டீல் ஸ்கேல் எட்டிப் பார்த்தது.

விறைப்பாக நின்று சல்யூட் அடித்தாள். சல்யூட்டுக்கு வலது கை. பக்தவத்சலம் சட்டென்று இடது கையை நெஞ்சுக்கு மாற்றி, வலது கையால் பதில் சல்யூட் அடித்தார். அவள் இடது கையை நீட்டினாள். சாரணர்கள் இடது கையால்தான் கை குலுக்குவார்கள், அது இதயத்துக்குப் பக்கத்துக் கை. பக்தவத்சலம் மறுபடி வலது கையை நெஞ்சுக்குக் கொண்டுபோய், இடது கையை நீட்டினார். பார்ப்பதற்கு ஏதோ புது மாதிரி நாட்டியம் போல இருந்தது.

"நெஞ்சு வலியா சார்?"

"இல்லம்மா. மரியாதை."

"ரொம்ப வேர்க்குதே?"

"உடம்பு வாகு."

சமையலறையில் டமார் என்றது.

"உள்ள யாரு சார்?"

"சம்சாரம். காபி போடுது."

டமார், டமார்.

"ரெண்டு காபி," என்றார் பக்தவத்சலம்.

தாட்சாயிணி நோட்டைத் திறந்தாள். "ஜாக்கெட்ல ஆரம்பிக்கலாம் சார். உங்க ஜாக்கெட்டைப் பத்திக் கேள்விப்பட்டதுலேர்ந்து பார்க்கணும்னு ஆசை. கண்ணை மூடிட்டே சொல்வீங்களாமே! திரும்புங்க."

அவர் திரும்பினார். பின்னால் அவள் நோட்டின் பக்கத்தைப் புரட்டினாள்.

"வித்தியாசமா இருக்கு சார்."

"ஒரு... அழகுணர்ச்சிதாம்மா."

அவள் விரலால் ஒரு பேட்ஜைத் தொட்டாள். இடது தோளுக்குக் கீழே மூன்றாவது இடம். நாற்பது வருஷமாக அந்த இடத்தில் புழல் நீச்சல் முகாம்தான். அவர் வாய் தானாகவே திறந்துகொண்டது.

"எண்பத்தாறாம் வருஷம். டிசம்பர் மாசம். பனி. ஏரித் தண்ணியில குதிச்சதும் பல்லு தந்தி அடிச்சுது. நானூறு மீட்டர் நீந்தினேன்..."

"சார், இது சமையல் முகாம் பேட்ஜ். கரண்டி போட்டிருக்கு."

"ஆங்?"

"சமையல் முகாம்ல நானூறு மீட்டர் எதுல நீந்தினீங்க?"

"பாயசத்துல!" என்று சமையலறையிலிருந்து சுலோசனாவின் குரல் வந்தது.

தாட்சாயிணி உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுத்த பேட்ஜைத் தொட்டாள். அவர் முதலுதவிக் கதையைச் சொன்னார். அது மரம் நடும் முகாம். மரத்துக்குக் கட்டுப் போட்டாரா என்று அவள் கேட்டாள். அதற்கு அடுத்தது... வேண்டாம். நாற்பத்து மூன்று முகாம்களின் வீரன் ஒருவன் தன் முதுகையே அடையாளம் தெரியாமல் நின்ற அந்தக் காட்சியை நீட்டுவது பாவம். கடைசியில் அவர் சரணடைந்தார். துவைத்த கதையைச் சொன்னார். கோலக் கதையைச் சொன்னார். பேட்ஜின் பெயரைப் படித்துச் சொன்னால் கதை சொல்வதாகக் கெஞ்சினார். அவள் படித்தாள். அவர் அருவியாகக் கொட்டினார். தப்பித்தார். கை மட்டும் நெஞ்சை விட்டு நகரவில்லை.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று. ஃபேன் நாலு சுற்று சுற்றி நின்றது. ஜாக்கெட்டுக்குள் பக்தவத்சலம் இட்லிப் பானைக்குள் இட்லி மாதிரி வெந்தார்.

"கழட்டிடுங்களேன் சார். சட்டையையும் பார்க்கணுமில்ல? நேத்து பரந்தாமன் சார் வீட்டுக்குப் போனேன். பாவம், சட்டையிலதான் மாட்டினாரு."

பக்தவத்சலத்தின் காது நிமிர்ந்தது. "இன்னா ஆச்சு?"

"எல்லாம் பக்காவா இருந்துச்சு. போன மாசம் புதுசா வந்த வட்டாரப் பேட்ஜ் இருக்கில்ல, அதைக் கை மாத்தித் தச்சிட்டாரு. வலது கையில."

"வலது..."

"இடது கையிலதானே சார் தைக்கணும்? நாம கை குலுக்குற கை. சுற்றறிக்கையில படமே போட்டிருந்தாங்க."

ஜாக்கெட் கைக்குள்ளே பக்தவத்சலத்தின் தோள் மெல்ல அசைந்து பார்த்தது. சற்று முன் இவளுக்கு நீட்டிய கையில் துணி வழவழவென்று இருந்தது. நெஞ்சைப் பொத்தியிருந்த வலது கையில், தோளிலிருந்து நாலு விரல் கீழே, தடிப்பாக ஒன்று உறுத்தியது.

தலைக்குள் அந்தப் பேட்ஜைத் தைத்த ராத்திரி வந்து நின்றது. பீரோக் கண்ணாடி. அதன் ஓரத்தில் செருகிய சுற்றறிக்கை. படத்தில் நேராகப் பார்த்து நிற்கும் சாரணன், அவன் பேட்ஜ் படத்தின் வலது ஓரத்தில். பக்தவத்சலம் சட்டையைப் போட்டுக்கொண்டு, கண்ணாடியில் தெரிந்த தன் உருவத்தையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்து, இரண்டும் ஒத்துப்போகிற இடத்தில் சாக்பீஸால் குறி வைத்தார். சுலோசனாவை நம்பாமல் அவரே தைத்தார். படத்து மனிதனுக்கு அது இடது கை. கண்ணாடி முன்னால் நின்றவருக்கு அது வலது கை!

அதோடு போயிற்றா? போன மாதம் ஆவடி மைதானத்தில், அறுபது பிள்ளைகளுக்கு முன்னால், பரந்தாமனைப் பார்த்து அவர்தானே கத்தினார்? "யோவ், பேட்ஜை எந்தக் கையில போடறதுன்னு தெரியாத ஆளுக்கு ஸ்கார்ஃப் எதுக்கு? போய்த் தாம்புக்கயிறு கட்டிக்க!" பரந்தாமன் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர், சாது. முகம் சுண்டிப்போய், "சரி அண்ணாத்தே, மாத்திக்கிறேன்" என்றார். மாற்றிக்கொண்டும் விட்டார்.

"அவரு... ஏன் அப்டித் தச்சாராம்?" என்றார் பக்தவத்சலம்.

"முதல்ல சரியாத்தான் தச்சிருக்காரு, இடது கையில பழைய தையல் தடம் இருக்கு. யாரோ சொல்லி மாத்தியிருக்காரு. யாருன்னு எவ்வளவோ கேட்டேன். 'பெரியவங்க சொன்னாங்க, கேட்டேன். பேரு வேணாம் மேடம்'னு சொல்லிட்டாரு. ரூல்படி அவரைத் தலைவரா அனுப்ப முடியாது. அப்போ நீங்கதான். உங்க சட்டையை ஒரு தடவை பார்த்துட்டா கையெழுத்துப் போட்டுடுவேன். இல்ல, நீங்க சரியாத்தான் தச்சிருப்பீங்க, வாயால சொன்னாலே போதும். வெயில்ல உங்களை எதுக்குக் கஷ்டப்படுத்தணும்?"

பேனா மூடியைத் திறந்தாள்.

ஏற்காடு! பனி மூட்டம், நெருப்பைச் சுற்றிப் பாட்டு, நெஞ்சுக்கு மேலே அந்த வட்டப் பேட்ஜ். "ஆமாம்மா" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஜாக்கெட் மூடியிருக்கிறது. இன்று ராத்திரியே பிரித்து மாற்றித் தைத்துவிடலாம். உலகத்தில் யாருக்குத் தெரியும்?

பரந்தாமனுக்குத் தெரியும். தெரிந்தும் சொல்லமாட்டார். பட்டாம்பூச்சியின் ஜிகினா உள்ளங்கையில் குத்தியது.

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. கதவோரம் இரண்டு டம்ளரோடு சுலோசனா நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா," என்றார் பக்தவத்சலம். "அந்தப் பெரியவங்க நான்தான்."

நெஞ்சிலிருந்து கையை எடுத்தார். ஜாக்கெட்டைக் கழற்றினார். வேர்வையில் நனைந்த சாம்பல் சட்டையின் வலது கையில், அளவு பிசகாமல், ஒரு நூல்கூடக் கோணாமல், வட்டாரப் பேட்ஜ் தப்பான இடத்தில் ஜோராக உட்கார்ந்திருந்தது.

தாட்சாயிணி ஸ்கேலை எடுத்து அளந்தாள். "அளவு கரெக்ட் சார்," என்றாள் பரிதாபமாக. "கைதான் வேற."

அவர் கண்ணாடிக் கதையைச் சொன்னார். சுற்றறிக்கையைக் கொண்டுவந்து பீரோ முன்னால் நின்று நடித்தே காட்டினார். தாட்சாயிணியும் பக்கத்தில் நின்று கையைத் தூக்கிப் பார்த்தாள். அவளுக்கும் ஒரு கணம் குழம்பிற்று. இரண்டு பேரும் கண்ணாடி முன்னால் மாறி மாறிக் கையைத் தூக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்த சுலோசனா, "காபி ஆறுது," என்றாள்.

"என் குழுவுல முப்பது பசங்க கீறாங்க," என்றார் பக்தவத்சலம் தலையைத் தொங்கப் போட்டு. "முப்பதும் வலது கைதான். எல்லாம் என்னைப் பார்த்துத் தச்சது."

"முப்பதா!"

"ஒருத்தன் மட்டும் இடது கையில தச்சிருந்தான். அவனையும் திட்டி மாத்த வச்சேன்."

அதற்கு மேல் தாட்சாயிணியால் முடியவில்லை. நோட்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள். பக்தவத்சலம் அழுகிறாளோ என்று பயந்தார். அப்போது அவள் கண்ணில் நாற்காலியில் கிடந்த ஜாக்கெட் பட்டது. ஜன்னல் வெயிலில் அது கண்ணடித்தது.

"சார்... இது எந்த முகாம்?"

பக்தவத்சலம் பதில் சொல்லுமுன் சுலோசனா இரண்டடி முன்னால் வந்தாள்.

"அது என்னுது மேடம். கதை தெரியணும், அவ்வளவுதானே உங்க ரூலு? நான் சொல்றேன். இந்தாளு ஒரு முகாமை வுட்டுட்டு என்னைப் பாக்க வந்தாரு. அதுக்காக நெஞ்சுல ஓட்டை வச்சிகினாரு. அத்த அடைச்சது நானு. மூணு ராத்திரி தங்கினாத்தான் பேட்ஜாமே? நான் இந்த ஊட்ல இருவத்தெட்டு வருஷம் தங்கிக்கீறேன். கொசு, மழைத்தண்ணி, கரண்ட் கட்டு, இவரோட கொறட்டை, எல்லாம் பார்த்துட்டேன். இதுக்கு மேல இன்னா முகாம் வேணும் உங்களுக்கு?"

சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு விசும்பினாள். கையிலிருந்த டம்ளர் சாய்ந்து காபி பக்தவத்சலத்தின் சாக்ஸில் ஊற்றியது. அவர் அசையவில்லை. அவர் கண்ணிலும் தண்ணீர். எதற்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாத தண்ணீர். காபி இன்னும் ஆறியிருக்கவில்லை.

"சுலோ, கேசரி நல்லா இருந்துச்சு," என்றார். "அன்னிக்கே சொல்லியிருக்கணும்."

"இப்போ சொல்லு!"

"இப்போதான் சொல்றேனே."

தாட்சாயிணி நோட்டைப் பார்த்தாள், ஜாக்கெட்டைப் பார்த்தாள், நெற்றியைச் சொறிந்தாள். தென்காசிப் பெண்ணுக்கு இப்படி ஒரு சோதனைப் படிவம் எங்கேயும் அச்சடித்துக் கொடுத்திருக்கவில்லை.

"சார், முதல்ல பரந்தாமன் சாருக்குப் போன் போடுங்க."

போட்டார். ஸ்பீக்கரில் போடச் சொன்னாள், போட்டார்.

"பரந்தாமா, நான்தான். பேட்ஜு... இடது கைதான்யா. நீ தச்சதுதான் சரி. அந்தத் தாம்புக்கயிறை நான் கட்டிக்கிறேன்."

மறுமுனையில் காட்டுப்பாக்கம் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. பிறகு, "வுடு அண்ணாத்தே," என்றது குரல். "எனக்கும் டவுட்டாத்தான் இருந்துச்சு. ஆனா நீ அவ்ளோ சத்தமா சொன்னியா, அப்போ சரியாத்தான் இருக்கும்னு நெனச்சிகினேன்."

தாட்சாயிணி எழுதினாள். எழுதியதை வாசித்தாள். "தலைவர், பரந்தாமன். தச்சது சரி, மாத்தினது அவர் தப்பில்ல." பக்தவத்சலம் தலையாட்டினார். ஏற்காடு ரயில் அவரை விட்டுவிட்டு இரண்டாம் முறையாகக் கிளம்பிவிட்டது. ஷூவில்லாத காலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இன்னும் முடிக்கல சார். முகாமுக்கு நம்ம வட்டாரத்திலேர்ந்து அறுபது பிள்ளைங்க. சமையல் பொறுப்புக்கு ஒரு அம்மா வேணும். ரெண்டு மாசமா தேடுறேன், நாலு ராத்திரி மலையில தங்கணும்னு சொன்னதும் எல்லாரும் ஓடிடறாங்க." சுலோசனாவின் பக்கம் திரும்பினாள். "அக்கா, நீங்க கொசு, மழை, கரண்ட் கட் எல்லாம் பார்த்தவங்க. வர்றீங்களா?"

சுலோசனா முந்தானையை விலக்கினாள். "நானா? ஏற்காடா? எனக்குக் குளிருமே?"

"ஜாக்கெட் இருக்கே அக்கா."

சுலோசனா நாற்காலியில் கிடந்த ஜாக்கெட்டை எடுத்துத் தன் தோளில் வைத்து அளவு பார்த்தாள். "ரவ இடுப்பைப் பிடிச்சா சரியா இருக்கும்."

"அது... ஒருத்தர் பேட்ஜை இன்னொருத்தர்..." என்று ஆரம்பித்த பக்தவத்சலம், இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார். பிறகு மெதுவாக, "அறுவது பேருக்கு ஒரு ஆளா சமைக்கறது கஷ்டமாச்சே? ஸ்டோர் பார்க்க, சாமான் எடுத்துக் குடுக்க, ஒரு ஆளு..." என்றார்.

"அதை அக்காதான் சொல்லணும். எடுபிடியை வைக்கறது சமையல் பொறுப்பாளர் இஷ்டம்."

பக்தவத்சலம் மனைவியைப் பார்த்தார். சுலோசனா கூரையைப் பார்த்தாள், நின்றுபோன ஃபேனைப் பார்த்தாள், விரலால் கன்னத்தைத் தட்டினாள். ஏற்காட்டுக்கும் கள்ளிக்குப்பத்துக்கும் நடுவே அவர் உயிர் ஊசலாடியது.

"வெங்காயம் உரிக்கத் தெரியுமா?"

"கத்துக்கிறேன்."

"காலையில நாலு மணிக்கு எழுந்து அடுப்பு பத்த வைக்கணும்."

"வைக்கிறேன்."

"மலைப் பேட்ஜு குடுத்தாங்கன்னா முதுகுல தச்சுக்கோ. பட்டாம்பூச்சி எடத்தை வுட்டு நகராது."

அந்த வட்டத்துக்காக எத்தனை வருஷம்! பட்டாம்பூச்சி பளிச்சென்றது.

"சரி சுலோ."

"அப்போ வரட்டும் மேடம். கூட்டிகினு போவோம்."

தாட்சாயிணி நோட்டை மூடினாள். ஆறிப்போன காபியை ஒரே மூச்சில் குடித்தாள். வாசல்வரை மூன்று பேரும் வந்தார்கள். பக்தவத்சலத்துக்குச் சல்யூட் அடித்துவிட்டு, சுலோசனாவிடம் இடது கையை நீட்டினாள்.

சுலோசனா திகைத்தாள். வீட்டைவிட்டுப் போகிறவள் இடது கையை நீட்டுகிறாளே என்று முகம் கொஞ்சம் கோணியது. கணவனைப் பார்த்தாள்.

"குடு சுலோ. அதான் கரெக்டான கை. இன்னிக்கு எனக்கு நல்லாத் தெரியும்."

சுலோசனா இடது கையைப் புடவையில் இரண்டு முறை துடைத்துக்கொண்டு நீட்டினாள். தாட்சாயிணி குலுக்கினாள், ஸ்கேலைப் பைக்குள் தள்ளினாள், படியிறங்கினாள். ஸ்கூட்டர் இரண்டு முறை இருமிவிட்டுக் கிளம்பி, தெருமுனையில் திரும்பியது.

"இன்னா நிக்கிற? உள்ள வா," என்றாள் சுலோசனா. "கூடையில ரெண்டு கிலோ வெங்காயம் கீது. இன்னிலேர்ந்தே ஆரம்பி."

பக்தவத்சலம் ஒற்றை ஷூவோடு உள்ளே நடந்தார். அவள் இடது கையாலேயே கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.